ஆனைகட்டி ஏற்றமும் என் வண்டியின் எடையும்

ஜூன் 2, ஞாயிறு

இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். ஆனைகட்டி ஏற்றத்தில், நான்!

போன வருடம் மாங்கரை சோதனைச் சாவடியிலிருந்து மேலே வரைக்கும் கால் ஊன்றாமல் ஏறியவள். இன்று சாவடியைத் தாண்டிச் சிறிது தூரத்திலேயே நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்துவிட்டது. தொடையில் பலமே இல்லை. நிலோபர் மேலே பாலத்துச் சுவரில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள். ஒரு பழம் அல்ல, இரண்டாவது.

"அவசரமில்லக்கா, மெதுவா வாங்க" என்றாள். அவள் நல்ல மாதிரியாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் எரிச்சலாக வந்தது.

செப்டம்பர் பதினைந்தில் கோத்தகிரி எஸ்டேட் பாதையில் பந்தயம். பெண்கள் பிரிவில் இரண்டிரண்டு பேராக ஓட்ட வேண்டும். இரண்டு பேரும் ஒன்றாகக் கோட்டைத் தாண்ட வேண்டும். பின்னால் வருகிறவளின் நேரம்தான் அணியின் நேரம். பின்னால் வருகிறவள் யார் என்பது இன்று தெரிந்துவிட்டது.

கீழே வந்ததும் அவளுடைய வண்டியைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு கையில் வந்துவிட்டது. கார்பன் சட்டம். என்னுடையது ஆறு வருடத்துக்கு முன் வாங்கிய அலுமினிய ஹார்ட்டெயில். முன்னால் மட்டும் ஷாக் அப்சார்பர், பின்பக்கம் விறைப்பாக இருக்கும் மலைச் சைக்கிள். அதை இரண்டு கையாலும் தூக்கிக் காரின் மேல் ஏற்றுவதற்குள் கண் இருட்டியது.

காரணம் கிடைத்துவிட்டது. வண்டி கனம்.

ஜூன் 3, திங்கள்

சைக்கிளைக் கம்பெனிக்குள் கொண்டுபோகக் கேட்டில் சண்டை போட வேண்டியிருந்தது. இருபது வருடமாக இந்த பம்ப் கம்பெனியில் தரப் பரிசோதனையில் இருக்கிறேன். ஒரு நாள் ஒரு சைக்கிளை உள்ளே விடக் கூடாதா? சாப்பாட்டு நேரத்தில், பம்ப் வார்ப்புகளை நிறுக்கும் தராசில் ஏற்றினேன். பதினான்கு கிலோ அறுநூறு.

சரி, நல்ல ஹார்ட்டெயில் எவ்வளவு இருக்க வேண்டும்? இணையத்தில் தேடினால் ஒருவன் பதினொன்று என்கிறான், ஒருவன் பதிமூன்று என்கிறான், மூன்றாவது ஆள் எடையைப் பற்றியே கவலைப்படாதே என்கிறான். எங்கள் வார்ப்புகளுக்கு இவ்வளவுக்கு மேலே, இவ்வளவுக்குக் கீழே என்று இரண்டு எல்லை உண்டு. தாண்டினால் கழித்துவிடுவோம். சைக்கிள் செய்கிறவர்களுக்கு மட்டும் என்ன வந்தது? பாதிப் பேர் விளம்பரத்தில் எடையையே போடுவதில்லை.

ஜூன் 5, புதன்

ஆர்.எஸ். புரத்தில் அந்தோணிராஜின் கடைக்குப் போனேன். வண்டியை அவரிடம்தான் வாங்கினேன்.

"பன்னெண்டுல இருந்து பதிமூணரைக்குள்ள இருந்தா நல்ல வண்டிங்க மேடம். அதுக்குக் கீழ போகணும்னா ஒண்ணு விலை ஏறும், இல்லாட்டி உறுதி குறையும்."

"என்னுது பதினாலரைக்கு மேல இருக்குது."

"இருக்கட்டுமே. நீங்க, ஷூ, ஹெல்மெட், தண்ணி, வண்டி எல்லாம் சேத்து எண்பது கிலோன்னு வெச்சுக்குங்க. அதுல ஒரு கிலோ கொறைஞ்சா என்ன பெரிசாத் தெரியப் போகுது? போன வருசம் இதே வண்டியிலதான ஏறுனீங்க?"

கணக்குப் பாடம் கேட்க நான் போகவில்லை. ஸ்டாண்டு, மட்கார்டு, பெல், பின் விளக்கு எல்லாவற்றையும் கழற்றச் சொன்னேன்.

ஜூன் 9, ஞாயிறு

பதினான்கு கிலோ நூறு. போன வாரத்தைவிட முன்னாலேயே இறங்கிவிட்டேன். எதிர்காற்று.

நிலோபர் காற்றே இல்லை என்கிறாள்.

ஜூன் 13, வியாழன்

பொங்கல் வைக்கலாம் என்று டப்பாவைத் திறந்தால் பச்சரிசி மறுபடியும் காலி. "எலி கிலி வந்துருச்சா?" என்று இவர் கேட்டார். வந்திருக்கும் என்றேன்.

ஜூன் 22, சனி

அம்மாவின் திதி. வடை, பருப்பு, பாயசம். இவர் ராத்திரி ஷிப்ட் முடித்து மில்லிலிருந்து வந்த கையோடு குளித்துவிட்டுப் படத்துக்கு மாலை போட்டார். என்னைவிட அம்மாவின் மேல் இவருக்குப் பிரியம் அதிகம். திருச்சியிலிருந்து மகள் நந்திதா போன் செய்தாள். காலேஜில் பரீட்சை இருப்பதால் வர முடியவில்லை என்று வருத்தப்பட்டாள்.

அம்மாவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. ஆஸ்பத்திரிக்கு நடந்துதான் போனார். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

டயர் வந்துவிட்டதாக அந்தோணிராஜ் சொன்னார். நாளைக்குப் போய் மாட்ட வேண்டும்.

ஜூன் 30, ஞாயிறு

புது டயர். உள்ளே டியூபே கிடையாது, பசை மாதிரி ஒரு திரவம் மட்டும். சுற்றுகிற இடத்தில் குறைக்கும் எடைதான் அதிகம் தெரியும் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். பதிமூன்றரை. அந்தோணிராஜ் சொன்ன நல்ல வண்டியின் எல்லைக்குள் வந்துவிட்டேன்.

இன்று ஏற்றத்தில் நான்கு தடவை இறங்கினேன். நான்காவது தடவை ஒரு புளியமரத்தில் சாய்ந்து நின்றேன். காதுக்குள் யாரோ மாவரைக்கிற மாதிரி சத்தம். கீழே இறங்கும்போது நிலோபர் எதுவும் பேசவில்லை. அவள் பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏதாவது திருப்பிச் சொல்லியிருக்கலாம்.

ஜூலை 8, திங்கள்

இந்த மாதமும் பத்து நாள் இழுத்துவிட்டது. போன மாதமும் அப்படித்தான், அதற்கு முன்னாலும். மருந்துக் கடைப் பெண் நான் வாய் திறப்பதற்கு முன்பே பெரிய பாக்கெட் இரண்டை எடுத்து வைக்கிறாள். நாற்பத்து நான்கு வயதில் இப்படித்தான் இருக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் யாரையும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

பரிசோதனைக் கூடம் இரண்டாம் மாடியில். பாதிப் படியில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போனில் ஒன்றும் இல்லை.

ஜூலை 14, ஞாயிறு

மழை. போகவில்லை. அதில் எனக்குச் சந்தோஷம்தான் என்று நிலோபர் நினைத்திருப்பாள்.

பெங்களூரிலிருந்து வந்த, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் அளவு தவறு. கழுத்துக் குழாய் மேலும் கீழும் ஒரே தடிமன். என் வண்டிக்குக் கீழே அகலமாக வேண்டும். ஆர்டர் கொடுக்கும்போது இரண்டு தடவை சொன்னேன், எழுதியும் அனுப்பினேன். திருப்பி அனுப்பினால் புதிது வர இன்னும் ஒரு வாரம். இந்த உலகத்தில் ஒரு பொருளை முதல் தடவையே சரியாக அனுப்பினால் யாருக்கு என்ன நஷ்டம்? அந்தோணிராஜிடம் கத்திவிட்டேன். அவர் டீ வாங்கிக்கொடுத்தார். டீயில் போட ஐஸ் இருக்கிறதா என்று கேட்டேன். விநோதமாகப் பார்த்தார். பக்கத்து ஜூஸ் கடையில் ஒரு டம்ளர் ஐஸ் வாங்கி வெறுமனே கடித்துத் தின்றேன். கொஞ்ச நாளாக அது பிடிக்கிறது.

ஜூலை 21, ஞாயிறு

புது ஃபோர்க். ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று அடைத்தது. பன்னிரண்டு கிலோ எண்ணூறு. ஒரு கையால் தூக்க முடிகிறதா என்று பார்த்தேன். முடியவில்லை.

இன்று நிலோபரோடு சண்டை. பாதி ஏற்றத்தில் அவள் திரும்பி இறங்கி வந்தாள். நான் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்திருந்தேன்.

"அக்கா, உங்க மூஞ்சியக் கண்ணாடியில பாத்தீங்களா? வெள்ளைத்தாள் மாதிரி இருக்கு. உதடுகூட வெளுத்துப்போச்சு. ஒரு பிளட் டெஸ்ட் எடுங்களேன்."

"ஒன்றரை மாசமா வண்டியில வேலை நடக்குது. இன்னும் செட் ஆகல. அவ்ளோதான்."

"வண்டிக்கு என்னக்கா? வண்டி நல்லாத்தான் இருக்கு."

"அப்ப எனக்குத்தான் வயசாயிருச்சுங்கற. சின்ன வயசுப் புள்ளையாப் பாத்துச் சேத்துக்கோ. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

அவள் முகம் சுருங்கிவிட்டது. பத்து வயது சின்னவள். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிற கணக்கு டீச்சர். நான் சொன்னதற்கு ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லத் தெரியாமல் கிளவுஸைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள். எனக்கே பாவமாக இருந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்து, மூச்சு வாங்கியதால் கேட்கவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

வருவாளா என்று சந்தேகமாக இருந்தது. வந்தாள். வந்ததும் அவளுடைய கார்பன் வண்டியை என் பக்கம் நீட்டினாள்.

"இன்னைக்கு நீங்க இதுல வாங்க, நான் உங்களுதுல வர்றேன்."

சீட்டின் உயரத்தை மாற்றிக்கொண்டோம். பதினொரு கிலோ வண்டி எப்படி இருக்கும் என்று எத்தனை நாள் ஆசைப்பட்டிருக்கிறேன். சமதளத்தில் இறகு மாதிரி போனது. சாவடியைத் தாண்டினோம். ஏற்றம் தொடங்கியது. நிலோபர் என் வண்டியில், என் பழைய கியரில், வழக்கம்போல் முன்னால் போனாள். வழக்கமான வேகம். அவள் முதுகு வளைவில் மறைந்தது.

நான் புளியமரத்துக்குக்கூடப் போய்ச் சேரவில்லை.

உலகத்தில் இருக்கிற நல்ல வண்டிகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரத்தில் நின்றேன். நெஞ்சு அடித்த அடியில் பனியனே துடித்தது. ஒரு பஸ் போனது. ஜன்னலோரத்தில் இருந்த ஒரு அம்மா என்னையே பார்த்துக்கொண்டு போனார்.

நிலோபர் ஐம்பத்திரண்டு கிலோதான் இருப்பாள். நான் அறுபத்தொன்று. ஆகவே இந்த ஒப்பீடு சரியல்ல. தவிர சீட்டும் எனக்கு அரை அங்குலம் தாழ்வு. தவிர அவளுடைய கைப்பிடி அகலம் வேறு.

அவளிடம் இதையெல்லாம் சொன்னேன். "சரிக்கா" என்றாள்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

நிலோபர் இவருக்குப் போன் செய்திருக்கிறாள். என் முதுகுக்குப் பின்னால்! காலையில் நான் டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருக்கும்போது இவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். குழந்தைவேல் என்று பெயர் வைத்தது பொருத்தம்தான். ஐம்பது வயதாகியும் பேச வேண்டியதைப் பேசத் தெரியாமல் கதவுப்பிடியைத் திருகிக்கொண்டு நிற்பார்.

"டீச்சரம்மா கூப்புட்டிருந்துது."

"என்னவாம்?"

"ஆசுபத்திரிக்கு ஒருக்காப் போயிட்டு வந்தர்லாம் வசு. ஒண்ணும் இல்லீன்னா இல்லீன்னு வந்தர்லாம்."

"வெறும் அசதிங்க. வண்டியோட ஏத்தம் எறக்கம் ஒத்துவரல."

இவர் என்னைப் பார்க்கவில்லை. அரிசி டப்பாவைப் பார்த்தார்.

"உங்கொம்மாவும் வெறும் அசதின்னுதான் சொன்னாங்கொ."

டிபன் பாக்ஸ் மூடியை அழுத்தி மூடினேன். அது சரியாகப் பொருந்தவில்லை. திறந்து மறுபடி மூடினேன். எனக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நிலோபரின் நம்பரை பிளாக் செய்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

முன் சக்கரத்தைக் காணோம்!

நேற்று மழை நின்றதும் வண்டியை எடுக்கப் போனால் முன்பக்கம் வெறும் ஃபோர்க் மட்டும் தரையில் ஊன்றிக்கொண்டு, மண்டி போட்ட மாடு மாதிரி நின்றது. தெருவெல்லாம் கேட்டுவிட்டேன். போலீசுக்குப் போகலாம் என்று கிளம்பும்போது இவர் சொன்னார்:

"நாந்தான் எடுத்துட்டுப் போய் மில்லுல வெச்சிருக்கறேன்."

"எதுக்கு?"

"ரத்தம் குடுத்து டெஸ்ட் பண்ணுன சீட்டக் கொண்டா. சக்கரத்தக் கொண்டாறேன்."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் இவர் என்னிடம் ஒரு நிபந்தனை போட்டதில்லை. நேற்றிலிருந்து பேச்சு இல்லை. குழம்பில் உப்புப் போடவில்லை. அவர் அதையும் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

சக்கரத்துக்காகத்தான் போனேன். கணபதியில் கம்பெனிக்கு எதிரே இருக்கிற லேப். வேலைக்குப் போகிற வழியில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் சீட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

மதியத்துக்கு முன்பே போன். பேசியது ஒரு பெண்.

"வசுமதிங்களா? நீங்க இப்ப எங்க இருக்கீங்க?"

"வேலையில."

"உக்காந்திருக்கீங்களா, நின்னுட்டிருக்கீங்களா?"

"நின்னுட்டிருக்கேன். ஏன்?"

"உக்காருங்க மேடம். ரெண்டு தடவை போட்டுப் பாத்துட்டோம். உங்க ஹீமோகுளோபின் அஞ்சு புள்ளி நாலு இருக்கு. பன்னெண்டாவது இருக்கணும். தனியா எங்கயும் போகாதீங்க, வீட்ல யாரையாவது வரச் சொல்லுங்க."

உட்கார்ந்தேன். தராசுக்குப் பக்கத்தில்.

பன்னிரண்டு இருக்க வேண்டியதில் ஐந்து. எங்கள் வார்ப்பில் இப்படி ஒன்று வந்தால் தராசு கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைப்போம்.

ஆகஸ்ட் 7, புதன்

ஆஸ்பத்திரி. டாக்டர் சுமித்ரா என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார்.

"பச்சரிசி திம்பீங்களா?"

இவர் என் பக்கம் திரும்பினார்.

"ஐஸ்?"

"கொஞ்சம்."

"ரத்தத்துல இரும்பு கொறைஞ்சா நிறையப் பேருக்கு அப்படி ஆசை வரும்மா. வெட்கப்பட ஒண்ணுமில்ல. எத்தன மாசமா உதிரப்போக்கு அதிகமா இருக்கு?"

"ஒரு வருசம் இருக்கும்." இதை இவர் முன்னால் சொல்வேன் என்று நினைக்கவில்லை.

"இதோட மலை மேல சைக்கிள் ஓட்டிட்டிருந்தீங்கன்னு உங்க வீட்டுக்காரர் சொல்றாரே. நிஜமா?"

"முழுசா ஏற முடியல டாக்டர்."

அவர் பேனாவை மேசையில் வைத்தார். "இந்த ரத்தத்தோட நீங்க என் ரூம் வரைக்கும் நடந்து வந்ததே அதிகம்மா."

ஸ்கேனில் கர்ப்பப்பையில் மூன்று கட்டிகள். பெரியது ஆரஞ்சுப் பழ அளவு. சாதாரணக் கட்டியாகத்தான் தெரிகிறது, ஆனாலும் உள்சுவரிலிருந்து சதையெடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார். அந்தச் சோதனையின் பெயர் எனக்குத் தெரியும். அம்மாவின் ஃபைலில் படித்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். யாருடையதோ. இரண்டாவது பாட்டில் முடியும்போது காதுக்குள் இருந்த இரைச்சல் நின்றுவிட்டது. இத்தனை மாதமாக அது இருந்ததே அப்போதுதான் தெரிந்தது. வார்டில் யாரோ கொலுசு போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். தூரத்தில் இட்லி வண்டிக்காரன் மணி.

நிலோபரின் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்தேன். ஆனால் கூப்பிடவில்லை. அவள் சொன்னது சரியாகப் போனதற்காக அவள் மேல் இன்னும் கோபமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 10, சனி

சதையெடுத்துவிட்டார்கள். ரிசல்ட் வர ஒரு வாரம் ஆகுமாம்.

ஆகஸ்ட் 12, திங்கள்

லீவு. வீட்டில் சும்மா இருக்கிறேன். கடலை உருண்டை, பேரீச்சை, ஈரல். இவர் ஆட்டு ஈரலைத் தானே வாங்கிவந்து தானே வறுத்தார். கரிந்துவிட்டது.

ஆகஸ்ட் 14, புதன்

நேற்று லேப்புக்குப் போன் செய்தேன். வரவில்லை. இன்றும் செய்தேன். வரவில்லை. வந்தால் நாங்களே சொல்லுவோம் என்று அங்கிருந்த பெண் எரிந்து விழுந்தாள். ஒரு துண்டுச் சதையைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்க்க எத்தனை நாள்?

அம்மா இதே மாதிரி காத்திருந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. ரிசல்ட் வந்த அன்று அம்மா என்னைக் கடைக்கு அனுப்பினார், ஊதுபத்தி வாங்க. வீட்டில் ஒரு கட்டு ஊதுபத்தி இருந்தது. நான் திரும்பி வருவதற்குள் அழுது முடித்து முகம் கழுவியிருந்தார். அதற்கப்புறம் நான்கு மாதம்.

உதிரம் நிற்காமல் போகத் தொடங்கிய அன்றைக்கே எனக்கு இது ஞாபகம் வந்துவிட்டது. வண்டியை நிறுத்துப் பார்ப்பது சுலபமாக இருந்தது.

ஆகஸ்ட் 17, சனி

புற்று இல்லை.

டாக்டர் சுமித்ரா சொல்லும்போது நான் அவருடைய மேசையில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர்தான் அழுதார். ஒரு பெரிய ஆள், யூனிபார்ம் சட்டையின் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. நர்ஸ் அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும். மாத இறுதியில் ஆபரேஷன். "பந்தயத்துக்குப் போக முடியுமா டாக்டர்?" என்று கேட்டேன். அவர் இவரைப் பார்த்தார். இவர் என்னைப் பார்த்தார். சரி, கேட்டிருக்கக் கூடாது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

நிலோபர் வந்தாள். நான் கதவைத் திறந்ததும் அவள் "ஸாரிக்கா" என்றாள். நான் சொல்ல வேண்டியதை அவள் சொல்லிவிட்டாள். அதற்கும் ஒரு கோபம் வந்து, பிறகு சிரிப்பு வந்தது. இரண்டு பேரும் கட்டிக்கொண்டு நின்றோம்.

"பந்தயத்துல பேர எடுத்துர்றேன்" என்றாள்.

"கிறுக்கா உனக்கு? உங்க ஸ்கூல் பி.டி. டீச்சர் ஒருத்தி ஓட்டுவான்னியே, அவளக் கூட்டிட்டுப் போ."

"பவதாரிணியா? அவகிட்ட கியர் வண்டியே இல்லக்கா."

என் வண்டியைத் தா என்று அவள் கேட்கவில்லை. கேட்க மாட்டாள். அவள் கிளம்பி வாசல் வரை போகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்னுத எடுத்துட்டுப் போகச் சொல்லு" என்றேன். இத்தனை பாடுபட்டு இளைக்க வைத்த வண்டி.

இவர் உடனே மில்லுக்குப் போய்ச் சக்கரத்தைக் கொண்டுவந்து மாட்டி, எண்ணெய் விட்டுத் துடைத்துக் கொடுத்தார்.

செப்டம்பர் 2, திங்கள்

ஆபரேஷன் முடிந்து இன்று நான்காம் நாள். இருமினால் உயிர் போகிறது. நந்திதா லீவு போட்டு வந்திருக்கிறாள். "ஏம்மா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?" என்று கேட்டுக்கொண்டே தலை வாரிவிட்டாள். நல்லவேளை, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

பந்தயம். காலையிலிருந்து போனை எட்டாத அலமாரியில் வைக்கச் சொன்னேன். பிறகு எடுத்துத் தரச் சொன்னேன்.

நான்காவது இடம். பதினேழு அணியில். நிலோபர் கத்திக்கொண்டே சொன்னாள். பின்னால் பவதாரிணி, "அக்கா, உங்க வண்டி செம லைட்டுக்கா! பறக்குது!" என்றாள்.

வாழ்த்துச் சொல்லி வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். நான் நல்லவளாக இருக்க முயற்சி செய்தேன். பாதிதான் முடிந்தது.

அக்டோபர் 9, புதன்

மூன்று கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடம் கூடாது, குக்கர் கூடாது, அரிசிப் பை கூடாது. வீட்டில் எதை எடுத்தாலும் இவர் ஓடி வந்து வாங்கிக்கொள்கிறார். நேற்றுப் பூசணிக்காயைப் பிடுங்கிக்கொண்டார். அது இரண்டு கிலோகூட இல்லை. சொன்னால் நம்பவில்லை.

நவம்பர் 20, புதன்

ஹீமோகுளோபின் பதினொன்றரை. டாக்டர் சமதளத்தில் ஓட்டலாம் என்றார். கம்பெனியில் இரண்டாம் மாடிக்கு ஏறிப் போய், எதற்கு வந்தோம் என்பது மறந்து, மறுபடி இறங்கி ஏறினேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

சிங்காநல்லூர்க் குளக்கரையில் ஒரு சுற்று. நிலோபர் ஒரு மாட்டுவண்டியின் பின்னால் போகிற வேகத்தில் கூடவே வந்தாள். தொடை வலித்தது. நல்ல வலி.

ஜனவரி 5, ஞாயிறு

இன்று ஆனைகட்டி.

டாக்டர் அனுமதி கொடுத்த பிறகும் இவர் கொடுக்கவில்லை. "ஒரு மாசம் போகட்டும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நானும் நிலோபரும் மாங்கரையில் டீ குடித்துவிட்டுக் கிளம்பினோம். சாவடியைத் தாண்டினோம். மெதுவாகத்தான். சிறிய கியர். புளியமரத்தடியில் நின்றேன். மூச்சு வாங்கியது. நின்றதும் மூச்சு சாதாரணமாகத் திரும்பி வந்தது. எனக்கு அது நம்ப முடியாத பெரிய காரியமாகத் தோன்றியது. மறுபடி ஏறி மிதித்தேன்.

ஒரு வளைவு தாண்டியதும் பின்னால் ஒரு மொபெட் சத்தம். நாங்கள் நின்றால் அதுவும் நிற்கிறது. கிளம்பினால் கிளம்புகிறது.

"அக்கா, யாரோ நம்ம பின்னாலயே வர்றாங்க" என்றாள் நிலோபர். அவளுக்குப் பயம். எனக்கு அந்த எஞ்சின் சத்தம் இருபது வருடப் பழக்கம்.

திரும்பிப் பார்த்தேன். வளைவுக்கு அந்தப் பக்கம் தலையை மட்டும் நீட்டி, ஹெல்மெட்டோடு இவர். வண்டியின் முன்னால் தண்ணீர் கேன், ஒரு மடக்கு நாற்காலி, ஒரு பை நிறைய என்னவோ.

"என்னங்க இது?" என்று கத்தினேன்.

"சும்மா டீக் குடிக்க வந்தேன்!"

"டீக்கடை கீழ இருக்குது!"

எனக்கு வந்த கோபத்தில் எழுந்து நின்று மிதித்தேன். நிலோபர் பின்னால் சிரித்துக்கொண்டே வந்தாள். ஒரு வளைவு, இன்னொரு வளைவு. கொஞ்ச நேரத்தில் மொபெட் சத்தம் திணறியது, இரண்டு தடவை வெடித்தது, நின்றுவிட்டது. பிளக் போயிருக்கும். நாற்காலியும் தண்ணீரும் ஏற்றி அந்தக் கிழட்டு வண்டியை யார் மலைக்குக் கொண்டுவரச் சொன்னது?

பாலத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். இரண்டு தடவை நின்று ஏறினேன். தள்ளவில்லை. நிலோபர் கை தட்டினாள், பிறகு அழுதாள், பிறகு அவளே தன்னைத் திட்டிக்கொண்டாள். நான் பாலத்துச் சுவரில் உட்கார்ந்தேன்.

வெகு நேரம் கழித்துக் கீழே வளைவில் இவர் தெரிந்தார். மொபெட்டைத் தள்ளிக்கொண்டு, சட்டை முதுகோடு ஒட்டி, நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்து தரையில் உரசிக்கொண்டு. நிலோபர் இறங்கிப் போய்க் கை கொடுக்கப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையசைத்தார். பேச மூச்சில்லை.

வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருடைய விலா ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீரை நீட்டினேன். குடித்தார். கீழே சமவெளி முழுக்க வெயில்.

"போலாமா ஊட்டுக்கு?" என்றார் கடைசியில்.

"நீங்க உக்காருங்க" என்றேன். "மேல இன்னும் ரோடு இருக்குது. போயிட்டு வந்தர்றேன்."